எடை குறைந்த எஃகை உருவாக்குவது எப்படி: 10 கிலோ ஹீட்டிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

ஒரு கன சென்டிமீட்டர் இரும்பின் எடை 7.87 கிராம். அதை 6.7 கிராமுக்கு இறக்குவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உருகிய இரும்பில் போதுமான அலுமினியத்தைக் கரைத்தால் தானாக இறங்கிவிடும். இறங்கிய பிறகும் அது எஃகாக இருக்க வேண்டுமே, அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது. கீழே போட்டால் உடையக்கூடாது. மோல்டுக்குள் போகும்போதே தோல் கட்டி மடியக்கூடாது. பதப்படுத்தும்போது கல்லாகிவிடக் கூடாது. நான் முதன்முதலில் வார்த்த கட்டி தராசில் பிரமாதமாக நின்றது. மேசையிலிருந்து தவறி சிமென்ட் தரையில் விழுந்ததும் இரண்டாகப் போயிற்று. உடைந்த முகத்தைப் பார்த்தால் கற்கண்டு போல மினுமினுப்பு. அந்தக் கட்டியிலிருந்து கற்றதும் பிறகு கற்றதும் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி.

கல்லூரி ஆய்வுக்கூடத்திலோ சிறிய பவுண்டரியிலோ 10 கிலோ இண்டக்ஷன் ஃபர்னஸ் (மின்காந்தத் தூண்டலால் உருக்கும் உலை) வைத்திருப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒருமுறை உருக்கி வார்ப்பதைத்தான் ஹீட் என்கிறேன். இரும்பு, மாங்கனீஸ், அலுமினியம், கார்பன் என்ற நான்கும் சேர்ந்த குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன், காரணம் இன்றைக்கு எடை குறைந்த எஃகு என்று யார் சொன்னாலும் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

படி 1: ஃபர்னஸைத் தொடும் முன் ஒரு கணக்கு

அலுமினியம் எடையில் ஒவ்வொரு சதவீதம் ஏறும்போதும் எஃகின் அடர்த்தி சுமார் 1.3 சதவீதம் இறங்கும். இதற்குக் காரணம் இரண்டு. அலுமினிய அணுவின் நிறை 27, இரும்பினுடையது 56. அதோடு அலுமினிய அணு உள்ளே நுழையும்போது இரும்பின் அணு அடுக்கையே கொஞ்சம் விரித்துவிடுகிறது. 9 சதவீத அலுமினியம் என்றால் எடையில் சின்னதாகத் தெரியும், ஆனால் அணுக்களை எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய ஆறில் ஒன்று அலுமினியம். ஆறில் ஒரு ஆளை மாற்றிய பிறகு பழைய வீடாகவே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மாறுவதில் முதன்மையானது யங் மாடுலஸ், அதாவது உலோகத்தின் விறைப்பைச் சொல்லும் எண். சாதாரண எஃகுக்கு அது 210 ஜிகாபாஸ்கல். நாம் செய்யப்போகும் எஃகுக்கு 175 என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுவையில் நிற்கும் கம்பியாக இருந்தால் மாடுலஸை அடர்த்தியால் வகுத்துப் பார்க்க வேண்டும். பழையதற்கு 210 வகுத்தல் 7.85, அதாவது 26.7. புதியதற்கு 175 வகுத்தல் 6.7, அதாவது 26.1. லாபம் எதுவும் இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் நஷ்டம். வளையும் தகடாக இருந்தால் மாடுலஸின் கனமூலத்தை அடர்த்தியால் வகுக்க வேண்டும்: பழையது 0.757, புதியது 0.835. பத்து சதவீதம் கிடைக்கிறது. ஆனால் அதே கணக்கில் அலுமினிய உலோகக் கலவை 1.5-க்கு மேல் நிற்கும்.

ஆகவே விறைப்புதான் முக்கியம் என்னும் பாகத்துக்கு இந்த எஃகைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கார் பானட்டுக்கு இது விடை இல்லை. எங்கே வலிமையும் அடிதாங்கும் திறனும் பாகத்தின் தடிமனைத் தீர்மானிக்கின்றனவோ, எங்கே அலுமினியம் வைக்க இடமோ வெப்பமோ அனுமதிக்காதோ, அங்கேதான் இதற்கு வேலை. மோதலைத் தாங்கும் பாகங்கள், வேகமாகச் சுழலும் பாகங்கள், கவசத் தகடு போன்றவை. தைவானில் கோல்ஃப் மட்டைத் தலைகளுக்குக்கூட இதை வார்க்கிறார்கள். அங்கே எடையை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதே வியாபாரம்.

படி 2: எந்தக் கிளை

இந்தக் குடும்பத்தில் மூன்று கிளைகள் உண்டு. ஃபெரிட், ஆஸ்டெனைட் என்பவை இரும்பின் அணுக்கள் அடுக்கப்படும் இரண்டு விதங்கள். மாங்கனீஸும் கார்பனும் மிகக் குறைவாக, அலுமினியம் 5 முதல் 9 சதவீதம் வரை இருந்தால் ஃபெரிட் எஃகு. செலவு குறைவு, ஆனால் அலுமினியம் 6, 7 சதவீதத்தைத் தாண்டியதும் அணுக்கள் வரிசை கட்டி அமர்ந்து, அறை வெப்பத்திலேயே நொறுங்க ஆரம்பிக்கும். நடுவில் ஃபெரிட்டும் ஆஸ்டெனைட்டும் கலந்த டூப்ளெக்ஸ். மூன்றாவது முழு ஆஸ்டெனைட்: மாங்கனீஸ் 15 முதல் 30, அலுமினியம் 12 வரை, கார்பன் 0.5-லிருந்து 1.2 வரை.

தொடக்கக்காரருக்கு நான் மூன்றாவதையே சொல்வேன். மாங்கனீஸ் விலை அதிகம், உண்மைதான். ஆனால் வார்ப்பு நிலையிலேயே நெகிழும், பதப்படுத்தினால் வலிமை ஏறும். டூப்ளெக்ஸில் உருட்டும்போது விளிம்பு வெடித்துக்கொண்டே போவதைப் பார்த்து மனம் வெறுக்கத் தேவையில்லை.

இதன் வேர் பழையது. 1882-இல் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த 12, 13 சதவீத மாங்கனீஸ் எஃகுதான் தாத்தா. கல் உடைக்கும் க்ரஷரின் தாடையில் இன்றும் அதுவே. 1950-களில் அதில் அலுமினியம் சேர்த்தவர்கள் தேடியது லேசான எஃகை அல்ல, குரோமியமும் நிக்கலும் இல்லாத மலிவான ஸ்டெயின்லெஸை. அந்த ஆசை நிறைவேறவில்லை. உப்புத் தண்ணீரில் இது ஸ்டெயின்லெஸ் போல நிற்காது. 2006-இல் ஜெர்மனியின் டுசெல்டார்ஃபில் ஃப்ரோமயரும் ப்ரூக்ஸும் 28 மாங்கனீஸ், 12 அலுமினியம், 1 கார்பன் கொண்ட எஃகை 6.5 கிராம் அடர்த்தியில் காட்டிய பிறகுதான் எடைக்காக இதைத் தேடும் கூட்டம் பெருகியது. 2015-இல் தென் கொரியாவின் போஹாங்கில் 5 சதவீதம் நிக்கல் சேர்த்து, நொறுங்கும் என்று எல்லோரும் ஒதுக்கிய ஒரு சேர்மத்தையே நுண்துகளாகத் தூவி வலிமையாக்கினார்கள். அது அழகான வேலை, ஆனால் முதல் ஹீட்டுக்கு வேண்டாம்.

நம் இலக்கு: மாங்கனீஸ் 28, அலுமினியம் 9, சிலிக்கான் 1, கார்பன் 0.9, மிச்சம் இரும்பு. அமெரிக்காவின் ரோலாவில் உள்ள மிசௌரி பல்கலைக்கழகமும் அந்நாட்டு ராணுவ ஆய்வுக்கூடமும் வார்ப்புக்காக நிறைய உழைத்தது ஏறக்குறைய இந்தக் கலவையில்தான். சிலிக்கான் எதற்கு? ஓட்டம் நன்றாக வரும். பிறகு பதப்படுத்தும்போது, எஃகை நொறுங்கவைக்கும் பீட்டா மாங்கனீஸ் என்னும் எமன் தலைகாட்டாமல் தடுக்கும்.

படி 3: சார்ஜ் (ஃபர்னஸில் போடும் பொருள்கள்), அதிலும் பாஸ்பரஸ்

இங்கே நிதானமாக நில்லுங்கள், பெரும்பாலான தோல்விகள் ஃபர்னஸில் அல்ல, மூட்டையிலேயே ஆரம்பிக்கின்றன.

10 கிலோவுக்கு மாங்கனீஸ் 2.8 கிலோ வேண்டும். பவுண்டரியில் கைக்கு எட்டுவது ஹை கார்பன் ஃபெரோமாங்கனீஸ். அதில் மாங்கனீஸ் 75, கார்பன் 7, பாஸ்பரஸ் 0.3 சதவீதம் என்று கொள்வோம். 2.8 கிலோவையும் அதிலிருந்தே எடுத்தால் 3.73 கிலோ போட வேண்டும். கூடவே 260 கிராம் கார்பன் வரும். நமக்குத் தேவை 90 கிராம் மட்டுமே. பாஸ்பரஸ் 11 கிராம், அதாவது 0.11 சதவீதம். அப்படி வார்த்த எஃகு சுத்தியல் பட்டதும் பிளந்து சிரிக்கும். சரி, கார்பன் அளவுக்கு மட்டும் ஃபெரோமாங்கனீஸ் போடலாம் என்றால் 1.29 கிலோ போகும். பாஸ்பரஸ் அப்போதும் 0.039. நான் 0.02-க்குக் கீழே வைக்கப் பார்ப்பேன், இன்னும் குறைந்தால் இன்னும் நல்லது. இந்த எஃகில் பாஸ்பரஸ் குருணை (உலோகத்தின் நுண் படிகம்) எல்லைகளில் போய் உட்கார்ந்து அடிதாங்கும் திறனைத் தின்றுவிடும். சாதாரண எஃகைப் போல ஆக்சிஜன் ஊதிக் கசடில் எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஊதினால் பாஸ்பரஸுக்கு முன்னால் அலுமினியமும் மாங்கனீஸும் எரிந்துபோகும். உள்ளே போனது உள்ளேதான்.

ஆகவே எலக்ட்ரோலிடிக் மாங்கனீஸ் சில்லுகளை வாங்குங்கள். அவற்றில் ஹைட்ரஜன் இருக்கும், அதனால் ஓவனில் நன்றாகச் சூடேற்றிய பிறகே போட வேண்டும். இரும்புக்குத் துருவில்லாத குறைந்த கார்பன் தகட்டுத் துண்டுகள். துருவில்லாத என்று அழுத்திச் சொல்கிறேன். இரும்பு ஆக்சைடும் அலுமினியமும் சந்தித்தால் என்ன ஆகும் என்று தண்டவாளத்தைத் தெர்மிட் வெல்டிங் செய்பவர்களைக் கேளுங்கள். அலுமினியம் 900 கிராம், கட்டியாக. கார்பனுக்கு கிராஃபைட் 90 கிராம். 75 சதவீத ஃபெரோசிலிக்கான் 133 கிராம். மாங்கனீஸ் கொஞ்சம் புகையாகப் போகும் என்பதால் 3 முதல் 5 சதவீதம் கூடுதலாகப் போடலாம்; உங்கள் ஃபர்னஸின் இழப்பு எவ்வளவு என்பது இரண்டு ஹீட்டில் பிடிபடும்.

படி 4: உருக்குதல்

லைனிங்கிலிருந்து, அதாவது ஃபர்னஸின் உட்பூச்சிலிருந்து தொடங்குவோம். நம் ஊர் பவுண்டரிகளில் பெரும்பாலும் சிலிக்கா ராம்மிங் மாஸ்தான். மாங்கனீஸ் ஆக்சைடு சிலிக்காவைக் கரைத்துச் சாப்பிடும். உருகிய அலுமினியமோ சிலிக்காவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு சிலிக்கானை எஃகுக்குள் தள்ளும். மாங்கனீஸ் எஃகு வார்க்கும் பவுண்டரிகள் மேக்னசைட் லைனிங் போடுவது இதனால்தான். சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் அந்த மேக்னசைட்டைத் தோண்டி எடுக்கத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. உங்களுக்கும் மேக்னீசியா க்ரூசிபிளே (உருக்கும் பாத்திரம்) வேண்டும், இல்லாவிட்டால் அலுமினா.

வேக்குவம் ஃபர்னஸ் இருந்தால் ஒரு எச்சரிக்கை: மாங்கனீஸை வேக்குவத்தில் உருக்காதீர்கள். அதன் ஆவியழுத்தம் அதிகம்; அறைச் சுவரெல்லாம் சாம்பல் பூசியது போலாகி, கலவையில் பாதி சுவரில் இருக்கும். இரும்பையும் கிராஃபைட்டையும் வேக்குவத்தில் உருக்கி வாயுவை வெளியேற்றிவிட்டு, ஆர்கான் நிரப்பிய பிறகு மாங்கனீஸை விடுங்கள். திறந்த ஃபர்னஸ் என்றால் மேலே ஆர்கான் ஓட்டம் வையுங்கள். காற்றில் உள்ள நைட்ரஜன் அலுமினியத்தோடு சேர்ந்து கூர்மூலை கொண்ட நைட்ரைடுத் துகள்களாகிவிடும். காற்றின் ஈரமோ ஹைட்ரஜனாக உள்ளே போய், உறையும்போது குமிழாகும்.

வரிசை இதுதான். முதலில் இரும்பும் கிராஃபைட்டும் உருகட்டும். ஃபெரோசிலிக்கான். பிறகு மாங்கனீஸைக் கையளவு கையளவாக, ஒவ்வொன்றும் கரைந்த பின் அடுத்தது. கசடை வழித்தெடுங்கள். கடைசியில்தான் அலுமினியம். அது மிதக்கும் என்பதால் கட்டியைக் கம்பியில் கட்டி அடிவரை அமிழ்த்த வேண்டும். இரும்பில் அலுமினியம் கரையும்போது வெப்பம் வெளிவரும், உருகலின் வெப்பநிலை மேலே எகிறுவது கண்ணுக்கே தெரியும். அதனால் அதற்கு முன்பே பவரைக் குறைத்துவிடுங்கள். இந்தக் கலவை உறையத் தொடங்குவது சாதாரண எஃகை விட 100 டிகிரிக்கும் மேல் கீழே. பழைய கைப்பழக்கத்தில் 1600-க்குக் கொண்டுபோனால் கிடைப்பது மாங்கனீஸ் புகை மட்டும்.

அந்தப் புகையைப் பற்றி விளையாட்டாகச் சொல்லவில்லை. மாங்கனீஸ் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு நரம்புத் தளர்ச்சியும் நடை தடுமாற்றமும் வருவதை கூப்பர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1837-லேயே எழுதிவைத்தார். புகையுறிஞ்சி ஓடாமல் ஃபர்னஸைப் போடாதீர்கள். முகத்தில் கர்சீப் கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது.

படி 5: வார்த்தல்

உருகலின் மேல் எப்போதும் ஒரு அலுமினா தோல் இருக்கும். ஆற வைத்த பாலின் ஆடை மாதிரி. ஊற்றும்போது அது கிழிந்து, மடிந்து உள்ளே போனால், வார்ப்புக்குள் ஒட்டாத இரண்டு பரப்புகள் உருவாகிவிடும். எக்ஸ்ரேயில் தெரியாது, டென்சைல் (இழுவை) சோதனையில் தெரியும். எனவே மேலிருந்து கொட்டாதீர்கள். அடியிலிருந்து நிரப்பும் கேட்டிங் (உலோகம் மோல்டுக்குள் போகும் வழி), அமைதியான ஓட்டம், நடுவே செராமிக் ஃபில்டர். சிலிக்கா மணல் வேண்டாம், ஒலிவின் மணல் எடுங்கள், அல்லது ஜிர்கான் பூச்சு கொடுங்கள். ஆய்வுக்கு மட்டும் என்றால் தடித்த இரும்பு மோல்டே போதும், வேகமாகக் குளிர்வதும் நல்லதே.

மோல்டை எப்போது திறப்பது? என் கற்கண்டுக் கட்டியின் கதை இங்கேதான் நடந்தது. தடித்த கட்டியை மணலிலேயே இரவெல்லாம் ஆறவிட்டேன். 800 முதல் 500 டிகிரி வரை மெதுவாக இறங்கும்போது கப்பா கார்பைடு என்னும் இரும்பு, மாங்கனீஸ், அலுமினியம், கார்பன் சேர்மம் குருணை எல்லைகளில் தடித்த படலமாகப் படிந்துவிட்டது. அடிபட்டதும் அந்தப் படலத்தின் வழியே பிளந்தது. கலவையில் பிழை இல்லை. அதே ஹீட்டின் இன்னொரு கட்டியை 1050 டிகிரிக்குச் சூடேற்றித் தண்ணீரில் போட்டபோது, சம்மட்டி அடிக்கு வளைந்ததே தவிர உடையவில்லை.

உருட்டப் போகிறவர்கள் 1150 வாக்கில் தொடங்கி, 950-க்குக் கீழே இறங்கும் முன் முடித்துவிடுங்கள். குளிர்ந்த மூலையை உருளைக்குள் விடக்கூடாது.

படி 6: தராசு பொய் சொல்லும்

அடர்த்தியை ஆர்க்கிமிடீஸ் முறையில் அளக்கலாம். என் குறிப்பேட்டு வகையில் ஓர் உதாரணம்: காற்றில் 26.84 கிராம், 25 டிகிரி தண்ணீரில் தொங்கவிட்டால் 22.87 கிராம். வித்தியாசம் 3.97. 26.84-ஐ 3.97-ஆல் வகுத்து, தண்ணீரின் அடர்த்தி 0.997-ஆல் பெருக்கினால் 6.74. நல்ல எண்.

இப்போது துண்டின் அடியில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டியிருக்கிறது, 0.05 கன சென்டிமீட்டர் அளவுக்கு, என்று வையுங்கள். விடை 6.66-க்கு இறங்கிவிடும். குமிழி எப்போதும் நமக்குப் பிடித்த பக்கமாகவே பிழை செய்யும், அதுதான் ஆபத்து. துண்டை ஆல்கஹாலில் கழுவி, தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு நீர் விட்டு, நூலை ஆட்டிவிட்டு அளங்கள். வார்ப்புக்குள் சுருங்கலால் வந்த ஓட்டைகளும் இதே பொய்யைச் சொல்லும். அடர்த்தி எதிர்பார்த்ததை விட அழகாக வந்தால், முதலில் துண்டை அறுத்து, பாலிஷ் போட்டு ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

கலவைச் சோதனையிலும் ஒரு பொறி உண்டு. ஒருமுறை வெளியே ஸ்பெக்ட்ரோவுக்கு (தீப்பொறியின் ஒளியை வைத்துக் கலவையை அளக்கும் மெஷின்) கொடுத்த துண்டுக்கு அலுமினியம் 2 சதவீதத்துக்கும் குறைவு என்று அறிக்கை வந்தது. ஏழு சதவீதம் எங்கே போயிற்று என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்தேன். எங்கும் போகவில்லை, அந்த மெஷினின் அளவுகோல் அங்கேயே முடிந்திருந்தது. குறைந்த கலவை எஃகுக்குச் சரிபார்த்த மெஷின் 9 சதவீதத்தைப் பார்த்ததே இல்லை. மாங்கனீஸ், அலுமினியம் இரண்டுக்கும் எக்ஸ்ரேயால் அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் அல்லது கரைத்து அளக்கும் ஐசிபி, கார்பனுக்கும் கந்தகத்துக்கும் எரித்து அளக்கும் முறை என்று கேட்டு வாங்குங்கள்.

இலவசச் சோதனை ஒன்றும் இருக்கிறது. நூலில் கட்டிய காந்தம். ஆஸ்டெனைட் ஒட்டாது. காந்தம் துண்டின் பக்கம் லேசாகச் சாய்ந்தால் உள்ளே ஃபெரிட் இருக்கிறது; அலுமினியம் கூடிவிட்டது, அல்லது மாங்கனீஸோ கார்பனோ குறைந்துவிட்டது. ஃபர்னஸ் பக்கத்திலேயே அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

படி 7: பதம்

முதலில் 1050 டிகிரியில் 2 மணி நேரம், எல்லாக் கார்பைடும் கரைய. வெளியே எடுத்துச் சில விநாடிகளுக்குள் தண்ணீரில். எண்ணெய் போதாது. தடிமன் 50 மில்லிமீட்டரைத் தாண்டினால் நடுப்பகுதி மெதுவாகவே குளிரும், அங்கே கப்பா படியும் என்று எதிர்பாருங்கள். இந்த நிலையில் கடினத்தன்மை பிரினெல் அளவுகோலில் 200-ஐ ஒட்டி இருக்கும், டென்சைல் துண்டு மிட்டாய் மாதிரி நீளும்.

அடுத்தது ஏஜிங், அதாவது மிதமான சூட்டில் நெடுநேரம் வைத்திருப்பது. எல்லையில் படிந்தால் கொல்லும் அதே கப்பா கார்பைடு, குருணைக்குள்ளே நானோமீட்டர் அளவில் சீராகப் பரவினால் காப்பாற்றும். 530 டிகிரியில் வைத்து 2, 5, 10, 20, 30 மணி நேரத்தில் ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கடினத்தன்மையை அளந்து கோடு போடுங்கள். நேர அச்சை லாக் அளவில் போட்டால்தான் வளைவு புரியும். 350 பிரினெலை ஒட்டிப் போகும், அதோடு அடிதாங்கும் திறன் இறங்கிக்கொண்டே வரும். எங்கே நிறுத்துவது என்பதை உலோகம் சொல்லாது, பாகம் சொல்லும். உச்சக் கடினத்தன்மையில் நிறுத்துவது மாணவர் பழக்கம். உச்சிக்குப் பாதி வழியில் நிறுத்தி அடிதாங்கும் திறனைக் காப்பாற்றுவதே பெரும்பாலும் சரி. 600-க்கு மேல் அவசரப்பட்டு ஏற்றினால் வேகமாக முற்றி, எல்லையில் மறுபடியும் படலம் கட்டும்.

படி 8: எதோடு ஒப்பிடுவது

டென்சைல், சார்பி (வெட்டுள்ள துண்டை ஊசல் சுத்தியலால் அடித்துப் பார்ப்பது) இரண்டும் கட்டாயம். சார்பியை அறை வெப்பத்தில் மட்டும் செய்துவிட்டு நிறுத்தாமல், மைனஸ் 40-லும் செய்யுங்கள். பாஸ்பரஸ் திருடன் குளிரில்தான் வெளியே வருவான்.

ஒப்பீட்டில் நேர்மை வேண்டும். 900 மெகாபாஸ்கல் ஈல்டு வலிமையை (நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு) 6.7-ஆல் வகுத்தால் 134. மைல்டு ஸ்டீலின் 250-ஐ 7.85-ஆல் வகுத்து 32 என்று பக்கத்தில் வைத்து, நான்கு மடங்கு என்று ஸ்லைடு போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பதப்படுத்திய சாதாரண அலாய் ஸ்டீலும் 900 கொடுக்கும். அதை வகுத்தால் 115. நம் லாபம் 17 சதவீதம். அதே வலிமையில் அதே அடிதாங்கும் திறனும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்த 17-ஐ எழுதலாம்.

படி 9: 10 கிலோவைத் தாண்டி

பெரிய ஆலைகள் தயங்குவதற்குக் காரணம் உலோகவியலை விட வார்ப்பு மெஷின்தான். தொடர் வார்ப்பில் மோல்டு சுவருக்கும் எஃகுக்கும் நடுவே மசகாக ஓடும் பவுடரில் சிலிக்கா இருக்கும். எஃகிலுள்ள அலுமினியம் அந்தச் சிலிக்காவைக் குறைத்து, பவுடரை அலுமினா நிறைந்த கூழாக்கிவிடும். மசகு கெட்டால் தோல் ஒட்டும், கிழியும். இதற்காகச் சுண்ணாம்பும் அலுமினாவும் கலந்த வேறு வகைப் பவுடர்களைத் தயாரித்துப் பார்க்கிறார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போகாமல் இங்காட்டாகவோ மணல் வார்ப்பாகவோ அளவைக் கூட்டுங்கள்: 10 கிலோவிலிருந்து 50, பிறகு 200. ஒவ்வொரு தாவலிலும் மாங்கனீஸ் இழப்பையும் குளிரும் வேகத்தையும் புதிதாக அளக்க வேண்டும், பழைய எண் உதவாது. மெஷினிங்குக்குக் கார்பைடு டூல், கனமான ஃபீட். மெல்லச் சுரண்டினால் பரப்பு இறுகி டூலைத் தின்னும்.

கடைசியாக, வெட்டிப்போட்ட ரைசர், கேட் (வார்ப்போடு சேர்ந்து உறையும் உபரிப் பகுதிகள்), டென்சைல் துண்டுகளின் மிச்சம் எல்லாவற்றுக்கும் அன்றைக்கே பெயின்ட் அடித்துத் தனி டிரம்மில் போட்டுப் பூட்டுங்கள். காந்தத்தில் ஒட்டாததால் யாராவது ஸ்டெயின்லெஸ் ஸ்க்ராப் என்று எடுத்துப்போய் 304 ஸ்டெயின்லெஸ் ஹீட்டில் போட்டுவிடுவார்கள். அப்படிப் போன ஒரு கூடை ரைசரால் மொத்த லேடிலும் (உருகலை ஏந்தும் வாளி) கூழாகி ஸ்டாப்பரில் (அதன் அடைப்பான்) அடைத்துக்கொண்டதை ஒருமுறை பார்த்தாயிற்று. எங்கள் டிரம் மஞ்சள், மூடியில் இரண்டு பூட்டு.